இடப்பக்கத்துப் புல்லாங்குழல்

அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் எங்கள் வீட்டுக்கு ஒரே நாளில் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மற்றது. 1997இல் ஜாலான் புசாரை ஒட்டியிருந்த சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் அப்பா அவற்றை வாங்கினார். முழங்கால் உயர மரப்பெட்டிகள். ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம். டாக்சி பிடிக்க மனம் வராமல், ஒன்றை அடுத்த வாரம்வரை வைத்திருக்கச் சொல்லி விற்றவரிடமே விட்டுவிட்டு, இன்னொன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி நிலையம் வரை நடந்து ரயில் ஏறினார். ரயிலில் அதன் மேலேயே உட்கார்ந்து வீடு இருந்த புக்கிட் பாத்தோக் வந்து சேர்ந்தாராம்.

நடுவில் இருந்த அந்த ஒரு வாரத்தைப் பற்றி அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

"ஒத்த ஸ்பீக்கரை வச்சுக்கிட்டுப் பாட்டுப் போட்டாரு. அவ ஒரு வரி பாடுறா, நிறுத்துறா. அப்புறம் ஒண்ணுமே வரல. மறுபடி ஒரு வரி பாடுறா, நிறுத்துறா. என்னாங்க இது, இவ யாருக்காகக் காத்திருக்கான்னு கேட்டா, 'மாப்பிள்ளை அடுத்த வாரம் வருவாரு'ங்கிறாரு."

மாப்பிள்ளை என்று அப்பா சொன்னது புல்லாங்குழலை. அது இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் வரும்படி பதிவாகியிருந்த பாட்டு. ஒரு பெண் தனியாகப் பாடுவாள். அவள் பாடும் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கத்திலிருந்து புல்லாங்குழல் பதில் சொல்லும். எந்தப் படம் என்று அப்பாவுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் தேக்காவில் கேசட் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அடுத்த ஞாயிறு வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அப்பா எழுதிக் கொடுத்தது பதினோரு பாட்டு. நாடாவின் கடைசியில் மிச்சம் இருந்த இடத்தை வீணாக்காமல் கடைக்காரரே ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிக் கொடுத்தார். கேட்காமல் கிடைத்த அந்தப் பன்னிரண்டாவது பாட்டுதான் அப்பாவின் பாட்டாகிவிட்டது.

நான் பிறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஸ்பீக்கர்கள் கூடத்தில் அலமாரிக்கு இருபுறமும் நிற்கின்றன. அப்பாவின் பிரம்பு நாற்காலி அவற்றுக்கு எதிரே இருக்கும், ஆனால் நேராக இருக்காது. பால்கனியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஸ்பீக்கர்கள் இரண்டும் அவருடைய வலது தோள் பக்கம் வரும். பாட்டுக் கேட்கிறவரா, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரா என்று தோழிகள் கேட்பார்கள். பால்கனியில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அதனால் அப்படிப் போட்டிருக்கிறார் என்று நானாகவே ஒரு காரணம் வைத்திருந்தேன். அவரிடம் கேட்டதில்லை.

அப்பாவின் பெயர் மருதப்பன். உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்தி, பதினேழு வயதில் மேற்குக் கரையில் ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்தார். எண்ணெய்க் கப்பலின் தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்டும் வேலை. இரும்புச் சுவர் நாலு பக்கமும் இருக்க, நடுவில் நின்று இரும்பை இரும்பால் அடிப்பது. அப்படி ஒரு வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிறு வந்தால் சத்தம் இல்லாத இடத்துக்குத்தானே ஒரு மனிதர் போக வேண்டும்? அப்பா பாட்டுக் கேட்டார். சின்ன வயதில் இது எனக்குப் புரிந்ததில்லை. இப்போதும் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பட்டறையை விட்டு வந்து பத்து வருடம் ஆகிறது. இப்போது ஒரு கொண்டோ அடுக்குமாடி வளாகத்தில் காவலர். இரவு வேலை முடிந்து காலையில் வருவார். அம்மா அதற்குள் பாலர் பள்ளிச் சமையலறைக்குக் கிளம்பிப் போயிருப்பார். அப்பா குளித்து, கோப்பி கலந்து, ஒரு கேசட் கேட்டுவிட்டுப் படுப்பார். வாரத்தில் இரண்டு நாள் நான் கூடத்து மேசையில்தான் அலுவலக வேலை பார்ப்பேன். காதில் ஹெட்ஃபோன் இருக்கும். ஆகவே அப்பா கேட்பதைக் கூடவே இருந்து கேட்க வீட்டில் யாரும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். பட்டமளிப்பு அங்கியில் அப்பா அம்மாவோடு எடுத்த படம் அந்த அலமாரி மேல் நிற்கிறது. ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு வங்கியில் வாடிக்கையாளர்கள் என்ன வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று எண்களைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இரண்டு வருடம் ஆகியும், இதைத் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி காலை ரயிலில் கூடவே வருகிறது. அதனாலோ என்னவோ, இந்த வருட போனஸ் வந்ததும் கையால் தொட்டுப் பார்க்கும்படி வீட்டுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

சுற்றொலி ஸ்பீக்கர் செட் ஒன்றை வாங்கினேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தரையில் ஒரு பெரிய பெட்டி. பழைய பாட்டுகளைக்கூட இப்போது சுற்றொலிக்கு மாற்றிப் போடுகிறார்கள். கண்ணை மூடினால் வாத்தியக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஸ்டீரியோவில் நடுவே உட்காரும் ஒருவருக்குத்தான் பாட்டு ஒழுங்காகக் கேட்கும். இதில் கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் கேட்கும். இதையெல்லாம் மூன்று வாரம் படித்து, பட்டியல் போட்டு, அப்பாவுக்கு விளக்கினேன்.

"சரிம்மா," என்றார்.

"இடம் பத்தாதுப்பா. பழசைக் கொடுத்துடணும். கேரோசல்ல விளம்பரம் போடவா?"

நான் ஒரு சண்டையை எதிர்பார்த்திருந்தேன். தோளில் தூக்கி வந்த பெட்டிகள். மூன்று முறை வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோதும் யாரையும் தொட விடாமல் தானே நகர்த்திய பெட்டிகள். அப்பா கோப்பிக் குவளையைப் பார்த்துக்கொண்டே, "போடு. யாராவது நல்லா கேக்குற ஆளா பாத்துக் கொடு," என்றார்.

அம்மா சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்தார்.

அவ்வளவு சுலபமாக அவர் சம்மதித்தது எனக்கு உறுத்தியது. ஆனாலும் விளம்பரம் போட்டேன். வேய்ன் என்பவர் அன்றைக்கே செய்தி அனுப்பினார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து ஆம்ப்ளிஃபையர், கேசட் டெக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் புது செட்டை மாட்டி முடித்துவிட்டேன். பழையவை அப்படியே இருந்தன; வருகிறவருக்குப் போட்டுக் காட்ட வேண்டுமே. அப்பாவின் பிரம்பு நாற்காலியை மட்டும் பால்கனிக்குத் தள்ளிவிட்டு, சோபாவை டேப் வைத்து அளந்து நடுவில் போட்டேன்.

"அப்பா, இங்க நடுவுல உக்காருங்க. நேரா பாத்து."

உட்கார்ந்தார். பல் மருத்துவரிடம் உட்காருவது போல முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வயர்களைச் சரியாக மாட்டியிருக்கிறேனா என்று பார்க்க அந்த செட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் மாறி மாறி மழை இரைச்சல் போல ஒரு சத்தம் வரும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கை காட்டினால் போதும்.

அவர் எதிரே நின்று போனில் பொத்தானை அழுத்தினேன். முன்னால் இடது. அப்பா இடது பக்கம் கை காட்டினார். நடு. நடுவைக் காட்டினார். வலது, பின் வலது, பின் இடது. எல்லாம் சரி.

"சூப்பர்ப்பா. ஃபுல் மார்க்."

"எனக்கா," என்று சிரித்தார்.

பின் இடதில் சத்தம் கொஞ்சம் குறைவாக இருப்பதாகப் பட்டது. சோபாவுக்குப் பின்னால் போய் முட்டி போட்டு வயரை இறுக்கிவிட்டு, அங்கிருந்தபடியே இன்னொரு சுற்று ஓடவிட்டேன். சோபாவின் முதுகுக்கு மேலே அப்பாவின் கை மட்டும் தெரிந்தது.

முன் இடது. கை வலது பக்கம் நீண்டது. நடு. வலது பக்கம். பின் இடது, என் முகத்துக்கு நேராக இரைந்தது. கை கொஞ்சம் தயங்கி மறுபடியும் வலது பக்கமே போனது.

"விளையாடாதீங்கப்பா. சீரியஸா சொல்லுங்க."

"சீரியஸாத்தான் சொல்றேன்."

எழுந்து அவர் முன்னால் வந்து மறுபடி போட்டேன். எல்லாம் சரியாகக் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். அவர் ஸ்பீக்கர்களைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து எது இரையப்போகிறது என்று போனில் பார்த்துவிட்டு நான் எந்தப் பக்கம் திரும்புகிறேனோ, அந்தப் பக்கம் கை போனது.

"கண்ணை மூடிக்குங்கப்பா."

மூடவில்லை. "எதுக்கு?" என்றார்.

"போதும் அனு. நிறுத்து," என்றார் அம்மா. சமையலறையிலிருந்து வந்து, ஈரக் கையைத் துடைத்தபடி அப்பாவுக்கு வலது பக்கத்தில் போய் நின்றார். எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பார் என்பதும் அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. "அவருக்கு இடது காது கிடையாது. இருபத்திரண்டு வருஷமாச்சு."

நான் சத்தத்தை நிறுத்தினேன்.

"சாமு," என்றார் அப்பா. அம்மாவின் பெயர் சாமுண்டீஸ்வரி. அதை முழுதாகச் சொல்ல வீட்டில் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

"எத்தனை நாளைக்கு மறைக்கிறது? அவ வேற எட்டு திசையிலயும் ஸ்பீக்கர் வச்சுக்கிட்டு நிக்கிறா."

அப்பா சோபாவில் கொஞ்சம் திரும்பி, வலது காது என் பக்கம் வரும்படி உட்கார்ந்துகொண்டார்.

"சார்ஸ் வந்த வருஷம்மா. டேங்க் உள்ள இருந்தேன். காத்து ஹோஸ் வெடிச்சுது. இங்கன." இடது கன்னத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார். "ரத்தம் வந்துச்சு. துடைச்சுட்டு மேல ஏறிட்டேன்."

"ரிப்போர்ட் பண்ணலையா?"

"அந்த மாசம் ஆள் குறைச்சுக்கிட்டு இருந்தாங்க. லிஸ்ட்ல பேர் வராம இருந்தா போதும்னு இருந்துச்சு. உனக்கு மூணு வயசு."

"ஆனா வருஷா வருஷம் காது டெஸ்ட் இருக்குமேப்பா?"

இதைக் கேட்டதும் அப்பா முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. பட்டறை ஆட்களுக்கு வருடம் ஒருமுறை காது சோதனை உண்டு. சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். பீப் சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். சத்தம் போடுகிறவர் வெளியே உட்கார்ந்திருப்பார். அந்த அறைக்கு ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. அப்பாவோடு வேலை பார்த்த நூர்தீன் மாமாதான் அதில் தேர்ந்தவர்.

"கையைப் பாக்காதடா, கை தெரியாது, தோளைப் பாருன்னான். அவங்க பட்டனை அழுத்துறப்ப தோள் ஆடும். தோள் ஆடுனா நீயும் அழுத்து. அவ்ளோதான்."

"பன்னெண்டு வருஷமும் பாஸ்," என்றார் அம்மா. "பள்ளிக்கூடத்துல எதுலயும் பாஸ் பண்ணாத மனுஷன், அதுல மட்டும் ஒரு வருஷம் விடாம பாஸ்."

சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசையில் ஓரத்து நாற்காலிக்காக அவர் அரை மணி நேரம் முன்னால் வந்து நிற்பது, நடக்கும்போது எப்போதும் என் இடது பக்கம் மாறிக்கொள்வது, அம்மா எதையும் இரண்டு தடவை சொல்வது, அதைக் கேட்டு ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று நான் அம்மாவிடம் எரிந்து விழுவது. எல்லாம் கண்ணெதிரே இருந்தவை. எனக்குத் தெரிந்த அப்பா முழுவதும் ஒரு காதால் கேட்ட அப்பாதான். முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களைப் பற்றி நான் எவ்வளவு கண்டுபிடித்திருக்கிறேன்.

"அது போனது போகட்டும்," என்றார் அப்பா. "அது பழகிப் போச்சு. இடது காது இல்லாதப்பவும் எனக்குப் புல்லாங்குழல் இடது பக்கந்தான் கேட்டுச்சு. முன்னாடி கேட்டுக் கேட்டு, எது எங்க இருக்குன்னு தெரியும்ல." நிறுத்தினார். பிறகு வலது காதைத் தொட்டார். "இப்ப இதுவும் போகுது."

அம்மாவுக்கே அது தெரிந்திருக்கவில்லை. "என்ன சொல்றீங்க?" என்றார்.

"அந்தப் பாட்டுல புல்லாங்குழல் கேக்கல. தீபாவளிக்கு முன்னாடியிலேருந்தே கேக்கல. அவ பாடுறா, நிறுத்துறா. அவ்ளோதான்."

"டேப் தேஞ்சிருக்கும்பா."

"டேப்பு தேயல. நூர்தீன் என்ன பண்ணுனான் தெரியுமா?"

எங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொன்னார். நூர்தீன் மாமா ஒரு மாத்தா புத்தே குருவி வளர்த்தார். குருவிப் பாட்டுப் போட்டிக்கெல்லாம் கூண்டைத் தூக்கிக்கொண்டு போவார். ஒருநாள் குருவி பாடுவதை நிறுத்திவிட்டது. மூன்று நாள் அதைத் திட்டினார், தீனியை மாற்றினார், விற்றவரிடம் போய்ச் சண்டை போட்டார். நாலாம் நாள் அவர் மனைவி, விடிந்ததிலிருந்து அது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது, தலைவலி தாங்கவில்லை என்றார். குருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. நூர்தீன் மாமாவின் இரண்டு காதிலும் மெல்லிய சத்தங்கள் போய்விட்டிருந்தன.

"முதல்ல மெல்லிசு சத்தந்தான் போகும். அப்புறம் பேச்சு. எனக்கும் அதே வேலை, அதே டேங்கு. நான் குருவியைத் திட்டப் போறதில்ல," என்றார் அப்பா. "டூட்டில வாக்கி டாக்கில கூப்புடுவாங்க. கேக்கலன்னா வீட்டுக்குத்தான். பாட்டை விடு, அது வேற."

"அதான் பழசைக் கொடுத்துடுன்னு சொன்னீங்களா?"

"புல்லாங்குழல் இல்லாம அதை எத்தனை தடவ கேக்குறது?"

அம்மா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வழி போனை எடுத்துக் காது மருத்துவர் யார் இருக்கிறார் என்று தேடுவது. அதைச் செய்துகொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

வேய்ன் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். ஒரு தள்ளுவண்டியும் இரண்டு பழைய போர்வைகளும் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் தேவாலயத்தில் ஒலிபெருக்கி பார்ப்பவர் என்று செய்தியில் சொல்லியிருந்தார்.

"சாரி அங்கிள், சீக்கிரம் வந்துட்டேன். வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயம் லா." பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "வாவ், அஞ்சு ஸ்பீக்கரா? எங்க சர்ச்லயே நாலுதான்."

"பாத்துட்டு எடுத்துக்குங்க தம்பி," என்றார் அப்பா.

"ஒரே ஒரு பாட்டுக் கேட்டுக்கிறேன் அங்கிள். எதுனாலும் ஓகே."

டெக்கில் அந்தக் கேசட்தான் இருந்தது. அப்பா பொத்தானை அழுத்திவிட்டுப் பால்கனிப் பக்கம் போய் நின்றுகொண்டார். வேய்ன் தரையில், இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் ஒரு வரி பாடினாள். நிறுத்தினாள். அடுத்த வரி பாடினாள்.

வேய்ன் தலையைச் சாய்த்தார். பிறகு தவழ்ந்து போய் இடப்பக்க ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தார்.

"அங்கிள், லெஃப்ட் ஓடல."

அப்பாவின் இடது பக்கம்தான் எங்களை நோக்கி இருந்தது. அவர் திரும்பவில்லை.

"சிஸ்டர், இதுல சத்தமே வரல," என்று வேய்ன் என்னிடம் சொன்னார். முகம் சற்று மாறியிருந்தது. "விளம்பரத்துல வொர்க்கிங் கண்டிஷன்னு போட்டிருந்தீங்க."

அம்மா எழுந்து பால்கனிக்குப் போனார். அப்பாவின் வலது பக்கம் போய் நின்று, அவசரப்படாமல் சொன்னார். "என்னாங்க, அந்த இடது ஸ்பீக்கர் ஓடலையாம்."

நான் அதற்குள் போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் தலையை நுழைத்திருந்தேன். தூசியும் வயர்களும். அதன் நடுவில் என்னுடைய வைஃபை பெட்டி பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்தது. வீட்டில் சிக்னல் சரியில்லை என்று போன அக்டோபரில் வாங்கினேன். அது உட்கார இடம் வேண்டும் என்று ஆம்ப்ளிஃபையரை முன்னால் இழுத்துவிட்டு, பிறகு பின்னால் தள்ளினேன். அந்தப் பெட்டிக்கு அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் முனைகள் எதிலும் மாட்டாமல் கிடந்தன. இன்று இத்தனை புது வயர்களை அதே இடுக்கில் விட்டபோதும் நான் அவற்றைப் பார்க்கவில்லை.

முனைகளைத் துடைத்து இடப்பக்கத் துளைகளில் சொருகி இறுக்கினேன்.

"வேய்ன், கொஞ்சம் ரிவைண்ட் பண்ணிட்டுப் போடுங்க."

அந்தப் பெண் பாடினாள். நிறுத்தினாள். இடது பக்கத்திலிருந்து புல்லாங்குழல் பதில் சொன்னது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அப்பா கூடத்துக்கும் பால்கனிக்கும் நடுவே ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வரிக்கும் பதில் வந்தது. மூன்றாவதுக்கும் வந்தது. பால்கனிக்குத் திரும்பிப் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அளந்து போட்ட சோபாவை முழங்காலால் தள்ளிவிட்டு, நாற்காலியைப் பழைய இடத்தில், பழைய மாதிரியே பால்கனியைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

பாட்டு முடிந்தது.

"ஏன் அங்கிள் சைடுல உக்கார்றீங்க?" என்றார் வேய்ன். "ஸ்டீரியோன்னா நடுவுல நேரா உக்காரணும்."

"எனக்கு இதான் தம்பி நேர்."

வேய்ன் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தன் தள்ளுவண்டியைப் பார்த்தார். "அப்ப விக்கல, ரைட்?"

"மன்னிச்சுக்குங்க," என்றேன்.

"டீ குடிச்சுட்டுப் போப்பா," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"குடிக்கிறேன் ஆன்ட்டி. எங்கம்மாவுக்குத்தான் சந்தோஷம். இன்னொரு பழைய பெட்டி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நீ வெளிய போன்னு சொல்லி வச்சிருக்காங்க."

அவர் தேநீர் குடித்து, இன்னும் இரண்டு பாட்டுக் கேட்டு, வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்து அப்பாவின் வலது பக்கம் தரையில் உட்கார்ந்தேன்.

"அந்த வயரை இழுத்துவிட்டது நான்தாம்பா. வைஃபை வைக்கிறப்ப."

"தெரியும். வேற யாரு அதுக்குப் பின்னாடி போறா?"

"எட்டு மாசம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல பாத்திருப்பேன்."

"சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்ப," என்றார். அது உண்மைதான். ஸ்பீக்கரை நான் பார்த்திருக்க மாட்டேன்.

"வயர் மாட்டுறதுக்கா யுனிவர்சிட்டிக்கு அனுப்புனோம்?" என்றார் அம்மா. "அதையும் ஒழுங்கா மாட்டல." குரலில் அவ்வளவு நிம்மதி இருந்ததால் அது திட்டு போலவே இல்லை. பிறகு புது ஸ்பீக்கர்களைக் காட்டி, "இதையெல்லாம் என்ன பண்றது?" என்று கேட்டார்.

"உன் சீரியலுக்கு வச்சுக்க," என்றார் அப்பா. "எல்லாரும் சுத்தி நின்னு அழட்டும்."

அப்படித்தான் ஆனது. இடம் பற்றாது என்று நான் அளந்து சொன்ன கூடத்தில் இரண்டு செட்டும் இருக்கின்றன. பின்னால் வைக்கும் இரண்டை மட்டும் அம்மா சாமி மாடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். கதாநாயகியின் மாமியார் இப்போது அங்கிருந்துதான் பேசுகிறார்.

ஆனால் புல்லாங்குழல் திரும்பி வந்ததால் மட்டும் வலது காது நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஒரு வாரம் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்து வரும்போது, வழக்கம்போல என் இடது பக்கம் மாறிக்கொண்டு அவரே கேட்டார். "அந்த டாக்டர் நம்பர் இருக்கா?"

ஆறு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதே மாதிரிச் சின்ன அறை, அதே மாதிரிக் கண்ணாடிச் சன்னல். சத்தம் போடும் பெண் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தோள் அப்பா இருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். நான் வெளியே ஒரு நாற்காலியில் இருந்தேன்.

முதலில் இடது காது. அந்தப் பெண்ணின் தோள் லேசாக ஆடியது. மறுபடி ஆடியது. மறுபடியும். அப்பாவின் கட்டைவிரல் பொத்தான் மேல் அசையாமல் இருந்தது. நான் கண்ணாடியை நெருங்கிப் பார்த்தேன். அப்பா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும் பையன் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வராத சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது நெடுநேரம் நடந்தது.

பிறகு அந்தப் பெண் வலது காதுக்கு மாற்றினார். தோள் ஆடியது.

கண்ணைத் திறக்காமலே அப்பா பொத்தானை அழுத்தினார்.